ஹென்றி லாசன்

ஹென்றி லாசன் (ஜூன் 17, 1867 – செப்டம்பர் 2, 1922) ஆஸ்திரேலியக் கவிஞர், சிறுகதையாசிரியர். கவிதைகளால் புகழ்பெற்றவர். எனினும் அவரது இலக்கிய இடத்தைத் தீர்மானிப்பவை சிறுகதைகளே.

வாழ்க்கை

நியூ சவுத் வேல்ஸின் கிரென்ஃபெல் தங்கவயலில் பிறந்தார். தந்தை நார்வே நாட்டு மாலுமி. தாய் லூயிசா லாசன் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர், 'தி டான்' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். லாசன் 14 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தார். 1887-ல் அவரது முதல் கவிதை 'தி புல்லட்டின்' இதழில் வெளியானது. 1892-ன் இறுதியில் உள்நாட்டு ஊரான பர்க்கிலிருந்து ஹங்கர்ஃபோர்டுக்குக் கோடை வெயிலில் நடந்தே சென்றார்.

இலக்கிய இடம்

உள்நாட்டு வாழ்க்கையை இனிமையானதாகப் பாடிய பாஞ்சோ பேட்டர்சனை எதிர்த்து 1892-ல் லாசன் கவிதையிலேயே விவாதித்தார். அக்கவிதைகள் கருத்தை உரக்கச் சொல்கின்றன. சிறுகதைகளில் அந்த உரத்த குரல் இல்லை.

'தி ட்ரோவர்ஸ் வைஃப்' (1892) கதையில் நிகழ்வது மிகக் குறைவு. ஆட்டு மந்தையை ஓட்டிச் சென்ற கணவன் பல மாதங்களாகத் திரும்பவில்லை. வீட்டுக்கு அடியில் பாம்பு நுழைந்துவிட, மனைவி நான்கு குழந்தைகளுடனும் நாயுடனும் இரவு முழுவதும் விழித்திருக்கிறாள். வெள்ளமும் காட்டுத்தீயும் நினைவில் வந்து போகின்றன. அடுக்கிய விறகு சரிந்தபோது அழுகிறாள். கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டையின் கிழிசலில் விரல் நுழைந்ததும் சிரித்துவிடுகிறாள். அவளுடைய வறுமையையும் மனவலிமையையும் காட்ட அந்தக் கிழிசலே போதுமானதாகிறது. ஆசிரியர் விளக்கம் சொல்வதில்லை.

'தி யூனியன் பரீஸ் இட்ஸ் டெட்' கதையில், நீரில் மூழ்கி இறந்த அறிமுகமற்ற இளைஞனைத் தொழிற்சங்கத்தார் அடக்கம் செய்கிறார்கள். சோகக்கதைகளில் வழக்கமாக வரும் அலங்காரங்களைச் சேர்க்காமல் விட்டதைக் கதைசொல்லியே சொல்லிவிடுகிறான். அதனாலேயே அந்த மரணம் மனதில் தங்குகிறது.

விமர்சனம்

லாசனின் பார்வைக்கு எல்லை உண்டு. விறகை உள்ளே வெற்றிடமாக அடுக்கி அப்பெண்ணை ஏமாற்றியவன் ஒரு பழங்குடி மனிதன். ஏமாற்றுக்காரன் என்பதைத் தாண்டி அவனுக்குக் கதையில் இடமில்லை. அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியும் எழுவதில்லை. பழங்குடியினத்தைச் சேர்ந்த லியா பர்செல் 2016-ல் அக்கதையை நாடகமாக மாற்றி எழுதி, பழங்குடி மனிதனை மையப் பாத்திரங்களில் ஒருவராக்கினார். லாசனின் கதையை இன்று வாசிப்பவர்கள் அதன் சிக்கனத்தையும் அதன் மௌனத்தையும் சேர்த்தே காணவேண்டும்.

மறைவு

குடிப்பழக்கத்தாலும் குடும்பத்துக்கு ஜீவனாம்சம் செலுத்தாததாலும் பலமுறை சிறை சென்ற லாசன், 1922-ல் சிட்னியில் காலமானார். அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். வறுமையில் வாழ்ந்த அவரது உருவம் 1966-ல் வெளியான பத்து டாலர் நோட்டில் இடம்பெற்றது.