சான்றும் கரணமும்: மணத்தை மெய்ப்பித்தல் குறித்து ஒரு நோக்கு

அயல்நாட்டு வாழ்க்கைத்துணையைத் தம்முடன் வாழ அழைத்துக்கொள்ள விரும்பும் மலேசியர், தம் மணம் மெய்யானது என்பதைக் குடிநுழைவுத் துறையின்முன் நிறுவ வேண்டியுள்ளது. ஜொகூர் மாநிலத்துச் சாஆ போன்ற தோட்டப்புற ஊர்களில், கோயிலில் உறவினர் சூழத் தாலி கட்டியதே போதிய சான்று என்று கருதுவோர் இன்றும் உளர். மணத்துக்குச் சான்று எது என்னும் வினாவைத் தமிழிலக்கியத்தின் துணைகொண்டு ஈண்டு நோக்குவோம்.

களவில் கூடியோர் பின்னர்ப் பொய்யுரைத்தும் ஒழுக்கம் தவறியும் நடந்தமையால் கரணம் வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. அந்நூற்பாவில் வரும் 'ஐயர்' யாவர் என்பது பற்றியே ஆய்வாளர் மிகுதியும் வாதிட்டுள்ளனர். கரணம் யாரைக் காக்க எழுந்தது என்பது அவ்வாதத்தில் பின்தள்ளப்பட்டது என்பது எம் கருத்து.

இவ்வினாவுக்குச் சங்கப் பாடல்கள் விடை தருகின்றன. கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலில், தலைவன் பொய்த்தால் சான்றுரைக்க ஆளின்றித் தலைவி கலங்குகிறாள். அன்று அங்கிருந்தது மீன் பார்த்து நின்ற பறவை மட்டுமே. அகநானூறு 256இல், தான் நலன் நுகர்ந்த பெண்ணை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தவனைக் கள்ளூர் அவையம் சாட்சிகளை வினவித் தண்டிக்கிறது. இவ்விரண்டிலும் சான்று, மறுக்கும் ஆணிடமிருந்து பெண்ணைக் காக்கும் கருவியாக அமைகிறது.

குடிநுழைவுச் சட்டத்தில் இந்நிலை தலைகீழாகிறது. கணவனும் மனைவியும் ஒருசேர உண்டென்கின்றனர், ஐயுறுவது அரசு. 1913 மார்ச் 14இல் தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல், பலதார மணத்துக்கு இடந்தரும் சமய முறையில் நடந்த மணம் குடியேற்றத்தின்பொருட்டு ஏற்கத்தக்கதன்று எனத் தீர்ப்பளித்தார். மெய்யான மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லர் ஆயினர். தமிழ்ப் பெண்கள் அறப்போரில் இறங்கிச் சிறை சென்றனர். அவர்களுள் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களை ஏற்றது.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைப் பதியப்பட்டனவாகவே அது கொள்கிறது. பின்னையவற்றுக்குப் பதிவு கட்டாயம். எனவே, அதன்பின் தாலி கட்டிப் பதியாதிருப்போர், ஊரறிந்த மணமாயினும், ஏட்டளவில் குறுந்தொகைத் தலைவியின் நிலையிலேயே உள்ளனர்.

பதிவைப் பண்பாட்டுக்கு அயலானதெனத் தள்ளுதல் பொருந்தாது. அது கரணத்தின் இன்றைய வடிவம் எனலாம். ஆயினும், கள்ளூர் அவையம் சாட்சிகளைக் கேட்ட பின்னரே பொய்யென முடிவுசெய்தது. பொய்யென முன்முடிவு கொண்டு நேர்காணல் நடத்துவோர்க்கும் அதில் பாடம் உண்டு. இப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர், துறைவிளக்கத்தோடு நில்லாது, சாஆ மாணவரின் வீட்டுத் திருமணத்தையும் உடன்வைத்துக் காட்டுவராயின், சான்று என்னும் சொல்லின் முழுப்பொருளும் வகுப்பறையில் விளங்கும்.