தேய்த்த சட்டையின் கணக்கு

திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்து முடிந்த டி-சர்ட், செக்கிங் மேசையைத் தாண்டியதும் அயர்ன் மாஸ்டரின் கைக்கு வருகிறது. கீழிருந்து காற்றை உறிஞ்சும் மேசையில் அதை விரித்து, நீராவிப் பெட்டியை ஓட்டி, அளவு சரிபார்த்து பேக்கிங்குக்குத் தள்ளுகிறார். அந்தத் தேய்ப்புக்குக் காரணம் உண்டு. தையலில் இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்ப வேண்டும்; அட்டைப்பெட்டிக்குள் ஒரே சீராக அடங்க வேண்டும்; கடையில் பிரிக்கிறவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிய வேண்டும். அதே டி-சர்ட்டை காதர்பேட்டைக் கடையில் வாங்கி வந்தவர், துவைத்த ஒவ்வொரு முறையும் வீட்டில் தேய்க்கிறாரே, அதற்கு என்ன காரணம்? கேட்டால் கேள்வியே பதிலாக வரும்: “தேய்க்காம எப்படிங்க போடறது?”

இந்தப் பதிலில் துணியைப் பற்றி ஒன்றுமில்லை. பார்க்கிறவர்களைப் பற்றிய பயம் மட்டுமே இருக்கிறது. ஆகவே வீட்டில் தேய்க்கும் வழக்கத்தை எடைபோட, துணிக்கு எது தேவை, ஊருக்கு எது தேவை என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

துணியிலிருந்து தொடங்கலாம். பருத்தி இழை என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. நனைந்தால் இந்தக் கட்டு தளர்கிறது. காயும்போது துணி எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகுகிறது. முறுக்கிப் பிழிந்து அப்படியே கொடியில் போட்ட சட்டை முறுக்கோடு காய்வது இதனால்தான். தேய்ப்புப் பெட்டி அதே வேலையை நமக்குச் சாதகமாகச் செய்கிறது: ஈரமும் சூடும் கட்டைத் தளர்த்துகின்றன, அழுத்தம் துணியைத் தட்டையாக்குகிறது, ஆறும்போது அந்தத் தட்டை நிலை நிற்கிறது. தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்துவிட்டுப் பிறகு தேய்க்கும் பழைய முறை இந்த அறிவியலுக்கு முழுக்கப் பொருந்தும்.

ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. தறியில் நெய்த சட்டைத் துணியில் நெடுக்கும் குறுக்குமாக நூல்கள் இறுகிக் கிடக்கின்றன. விழுந்த மடிப்பு எளிதில் போகாது. பின்னல் துணியில் வளையத்துக்குள் வளையமாக நூல் ஓடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் ஓரளவு திரும்பும். நன்றாக உதறிக் காயப்போட்ட டி-சர்ட்டில் மிஞ்சும் மடிப்பு, உடம்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதைச் சூடான பெட்டியால் அழுத்தி இழுத்தால் கழுத்துப்பட்டி நெளியும், ஓரம் கோணும். ரப்பர் பிரிண்ட் மேல் நேராகப் பெட்டியை வைத்தால் பிரிண்ட் பெட்டியோடு வரும். லைக்ரா கலந்த துணி அதிகச் சூட்டில் மீள்தன்மையை இழக்கும். எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத் துணியின் உள்பக்க லேபிளில் ஒரு சிறு தேய்ப்புப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகளாகப் போட்டிருப்பார்கள்: ஒரு புள்ளி குறைந்த சூடு, மூன்று புள்ளி அதிகச் சூடு. அந்த லேபிளை லட்சக்கணக்கில் தைத்து அனுப்புகிற ஊரிலேயே அதைப் பார்த்துத் தேய்க்கிறவர்கள் குறைவு.

துணியின் கணக்கில் மட்டும் பார்த்தால் டி-சர்ட்டைத் தேய்ப்பது வீண், பருத்திச் சட்டையைத் தேய்ப்பது நியாயம் என்று முடித்துவிடலாம். ஊரின் கணக்கு அவ்வளவு எளிதல்ல.

தேய்த்த துணிக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. நல்ல துணி உடுத்தக்கூடாது, செருப்பு போடக்கூடாது என்று சாதி சிலருக்கு விதித்த நாடு இது. அம்பேத்கரைக் கோட்டும் சூட்டுமாகவே சிலை வடிப்பதில் ஓர் அரசியல் இருக்கிறது. தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, லைன் வீட்டில் ஒற்றை அறையில் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மடிப்புக் கலையாத சட்டையோடு வெளியே கிளம்புகிறார். அதை ஆடம்பரம் என்று சொல்வது அறியாமை. பெட்டி இல்லாத காலத்தில் செம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்தவர்களும், பாய்க்கு அடியில் மடித்து வைத்துப் படுத்தவர்களும் தேடியது இந்த மரியாதையைத்தான்.

சுகாதாரம் என்ற வாதமும் உண்டு. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் டும்பு ஈ காயும் துணியில் முட்டையிடும். அதன் புழு தோலுக்குள் புகும். அங்கே தேய்ப்பது மருத்துவர்கள் சொல்லும் தற்காப்பு. கொங்குநாட்டு வெயிலில் காய்ந்த துணிக்கு அந்த அவசியம் இல்லை.

மரியாதைக்குத் திரும்பினால், அதன் மறுபக்கம் தீர்ப்பு. தேய்த்தவருக்கு மதிப்பு என்றால், தேய்க்காதவர் சோம்பேறி என்றாகிவிடுகிறது. அரசு, பள்ளிச் சீருடையை இலவசமாகத் தருகிறது. அதைத் தினமும் தேய்த்துப் போடும் நேரத்தை யாரும் தருவதில்லை. அம்மாவும் அப்பாவும் இரவு எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து வரும் வீட்டுப் பிள்ளை கசங்கிய சட்டையோடு வகுப்பில் நின்றால், குறை பிள்ளையின் மேல் விழுகிறது.

அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு ஒரு செட், ஒரு செட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் நாளைக்கு 24 நிமிடம். இரண்டு மாதத்தில் 50 வேலை நாள் என்று வைத்தால் 20 மணி நேரம். 1000 வாட் பெட்டி அத்தனை நேரமும் இடைவிடாமல் சூடேறினாலும் 20 யூனிட்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் இந்தச் செலவு பல வீடுகளில் பில்லில் உறைக்காது. உறைக்க வேண்டியது அந்த 20 மணி நேரம். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். வீட்டுக்குள் வந்ததும் அதே பெட்டி மனைவியின் கைக்கு மாறிவிடுகிறது. கூலி உள்ள இடத்தில் ஆண் வேலை, கூலி இல்லாத இடத்தில் பெண் வேலை.

வெளியே கொடுத்தால் தீருமா? தெருமுனைத் தள்ளுவண்டியில் தேய்க்கிறவரின் தொழில் சலவைச் சாதியின் மேல் தலைமுறைகளாகச் சுமத்தப்பட்டது. அரசு இலவசத் தேய்ப்புப் பெட்டி தந்ததும் சலவைத் தொழிலாளருக்கான நலத்திட்டமாகவே. நாள் முழுக்கக் கரிச்சூட்டில் நிற்கும் உடம்பு அவருடையது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து, 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்து, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலும் பேசினார். கரிப்புகைக்கு அது நல்ல விடை. ஆனால் வண்டி மாறினாலும், எதைத் தேய்க்க வேண்டும் என்ற கேள்வி நம்மிடமே நிற்கிறது.

அதைத் தேசிய அளவில் கேட்டது அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம். 2024 மே மாதம், திங்கட்கிழமைகளில் தேய்க்காத உடையில் வேலைக்கு வரும்படி தன் ஊழியர்களை அது கேட்டுக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்த ந. கலைச்செல்வி தமிழ்நாட்டுக்காரர். ஒரு செட் துணியைத் தேய்க்காமல் விட்டால் 200 கிராம் கார்பன் டை ஆக்சைடு மிச்சம் என்று சொல்லப்பட்டது. எண் மிகத் தாராளம். நம் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று கொண்டால், 1000 வாட் பெட்டியில் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்கு 60 முதல் 80 கிராம்தான் வரும். 200 கிராமைத் தொட 17 நிமிடம் எரிய வேண்டும். எண்ணை விடப் பெரிய குறை வேறு. ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி கசங்கிய சட்டையில் வந்தால் அது கொள்கை. பேக்கிங் பெண் அப்படி வங்கிக்குப் போனால் அது ஏழ்மை. சுருக்கத்தை அணியும் சுதந்திரம் ஏற்கெனவே மதிப்பு உள்ளவருக்கே மலிவாகக் கிடைக்கிறது. அதே சமயம், முயற்சி தொடங்கிய இடம் சரி. வழக்கத்தை உடைக்கும் செலவைத் தாங்கக்கூடியவர்கள்தான் முதலில் உடைக்க வேண்டும்.

தேய்க்கத் தேவையில்லாத பருத்திச் சட்டை என்று கடையில் விற்பது முழுத் தீர்வு ஆகாது. அவற்றில் பல ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசினால் இழைகளைக் கட்டிப்போட்டவை. மடிப்பு குறையும், கூடவே துணியின் வலுவும் குறையும். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றை இழந்து, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டதைக் கண்ட ஊர், இன்னொரு வேதிப்பூச்சைக் கண்ணை மூடி வரவேற்க வேண்டியதில்லை. செலவில்லாத வழிகள் இருக்கின்றன: அளவோடு பிழிவது, உதறிக் காயப்போடுவது, கொடியிலிருந்து எடுத்ததும் மடிப்பது. தேய்க்கத்தான் வேண்டும் என்றால் லேசான ஈரத்தில் ஒரே மூச்சில் தேய்ப்பது, அவரவர் துணியை அவரவர் தேய்ப்பது.

மிச்சத்தை வீடுகள் தனியாகச் செய்ய முடியாது. பள்ளிகள் சீருடையில் சுத்தத்தைக் கேட்கட்டும், மடிப்பை விட்டுவிடட்டும். உலகத்துக்கு டி-சர்ட் தைத்துத் தரும் ஊரில் மரியாதைக்கான உடை இன்னும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியும்தான். பின்னல் துணி வேலைக்கும் வீட்டுக்கும் உரியது. தான் விற்கும் சரக்கைத் தேய்க்காமல் போட்டுக்கொண்டு முதலாளி ஒருவர் சங்கக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்தால், அதில் சேமிப்பாகும் மின்சாரம் சொற்பம்தான். அவரிடம் வேலை பார்க்கும் நூறு பேர் வீட்டில் மிச்சமாகும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.