பதினாறு பெட்டிகளும் ஒன்பதாம் இடமும்: ஆளுமை வகைகள் பற்றிச் சில குறிப்புகள்

"நான் ஒரு இன்ட்ரோவர்ட்." இந்த வாக்கியத்தை இப்போது பரமக்குடியில்கூட அடிக்கடி கேட்க முடிகிறது. செல்போனில் ஒரு இலவசத் தேர்வு. பத்து நிமிஷம் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கடைசியில் நாலு எழுத்து வரும். ஐ.என்.எஃப்.பி., ஈ.எஸ்.டி.ஜே. என்று ஜாதகக் கட்டம் மாதிரி ஒன்று கைக்குக் கிடைத்துவிடும். அதன் பிறகு கல்யாண வீட்டுக்கு வராததற்கும் அதுதான் காரணம், வகுப்பில் சந்தேகம் கேட்காததற்கும் அதுதான் காரணம்.

கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. அதிகம் பேசாத பிள்ளையை ஏதோ குறை உள்ள பிள்ளையாகப் பார்க்கும் ஊர் நம்முடையது. "என்னப்பா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டே வளர்த்தவர்களிடம், "இது ஒரு குறை இல்ல, இப்படியும் மனுஷங்க இருக்காங்க" என்று சொல்ல ஒரு சொல் கிடைத்தது பெரிய விஷயம். 2012-ல் வந்த சூசன் கெய்னின் 'குவயட்' என்ற புத்தகம் உலகம் முழுக்கப் போனதற்கும் இதுதான் காரணம். ஆனால் நிம்மதி தந்த சொல் எல்லாம் சரியான சொல் ஆகிவிடாது. அந்தச் சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இருந்த சொற்கள்

பேசாத ஆளைக் குறிக்க நம்ம பேச்சுத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூச்ச சுபாவம். அடக்கமான பிள்ளை. ஆள் ரொம்ப அழுத்தம். அமுக்குணி. உம்மணாமூஞ்சி. ஒட்டாத ஆள். எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை.

கூச்சப்படுகிறவருக்குப் பேச ஆசை உண்டு, பயம் தடுக்கிறது. அடக்கமானவருக்குப் பயம் இல்லை, பெரியவர்கள் முன்னால் பேசக்கூடாது என்று தானாக நிறுத்திக்கொள்கிறார். அழுத்தக்காரருக்கு உள்ளே நிறைய ஓடுகிறது, வெளியே விடமாட்டார். அமுக்குணி என்பதில் கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்திருக்கிறது: இவன் எதையோ மறைக்கிறான். ஒட்டாதவருக்கோ கூட்டமே தேவைப்படவில்லை, தனியாக இருந்தால்தான் அவருக்குத் தெம்பு.

இந்த ஐந்து பேரையும் 'இன்ட்ரோவர்ட்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடுகிறோம். உண்மையில் அந்தச் சொல்லுக்கு நெருக்கமானவர் கடைசி ஆள் மட்டும்தான். கூச்சம் வேறு, தனிமை நாட்டம் வேறு என்பது உளவியலில் பாலபாடம். கூச்சத்துக்குத் தேவை தைரியம், கொஞ்சம் பழக்கம். தனிமை நாட்டத்துக்கு மருந்து எதுவும் தேவையில்லை. இரண்டையும் குழப்பினால், பயப்படுகிற பிள்ளையை "அவன் சுபாவமே அப்படி" என்று விட்டுவிடுவோம், சும்மா இருக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்துவோம்.

யுங் சொன்னதும் தேர்வு சொல்வதும்

கார்ல் யுங் 1921-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'உளவியல் வகைகள்' நூலிலிருந்துதான் உள்முகம், வெளிமுகம் என்ற ஜோடி பொதுப் பேச்சுக்கு வந்தது. அவர் பேசியது ஒருவர் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்பதைப் பற்றி அல்ல. மன ஆற்றல் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைப் பற்றி. வெளியில் உள்ள பொருளையும் ஆளையும் நோக்கிப் போனால் வெளிமுகம். அது தன்னிடம் உண்டாக்கும் பதிவை நோக்கித் திரும்பினால் உள்முகம். எல்லாரிடமும் இரண்டும் உண்டு, ஒன்று கொஞ்சம் முந்தி நிற்கும், அவ்வளவுதான்.

இதோடு அவர் நாலு செயல்களைச் சேர்த்தார்: சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு. இந்த 'உணர்வு' என்ற இடத்தில்தான் தமிழில் பெரிய வழுக்கல் நடக்கிறது. நம்ம பேச்சில் 'ஃபீல் பண்ணாத' என்றால் வருத்தப்படாதே என்று அர்த்தம். 'ஒரே ஃபீலிங்கா இருக்கு' என்றால் துக்கம். அதனால் தேர்வு முடிவில் 'ஃபீலிங்' என்று வந்ததும், சட்டென்று கண்ணீர் விடுகிற ஆள் என்று எடுத்துக்கொள்கிறோம். 'திங்கிங்' என்று வந்தவரோ தன்னைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார், சிலருக்கு அதில் ஒரு பெருமைகூட.

யுங்கின் கணக்கு வேறு. அவர் உணர்வைச் சிந்தனையோடு சேர்த்துப் பகுத்தறிவுச் செயல் என்ற வரிசையில் வைத்தார். சிந்தனை 'இது என்ன?' என்று கேட்கிறது. உணர்வு 'இதற்கு என்ன மதிப்பு? இது ஏற்கத்தக்கதா?' என்று எடைபோடுகிறது. கோபம், அழுகை, படபடப்பு எல்லாம் வேறு கணக்கு, அவை யாருக்கும் வரும். துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் யார் பக்கத்தில் உட்கார வேண்டும், எதைச் சொல்லக்கூடாது, எப்போது எழுந்து வர வேண்டும் என்று சரியாகத் தெரிந்த பெரியம்மா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் அழாமலேயே இருக்கலாம். யுங் சொல்லும் வெளிமுக உணர்வு அதுதான். நாம் 'அழுத்தம்' என்று சொல்லும் ஆளிடம் இருப்பது பெரும்பாலும் உள்முக உணர்வு: வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் எது பெரிது எது சிறிது என்ற தராசு உள்ளே ஆடாமல் நிற்கும்.

இந்த எட்டு வகையை எடுத்துக்கொண்டு, தீர்மானிப்பது – கவனிப்பது என்று இன்னொரு ஜோடியையும் சேர்த்துப் பதினாறாக்கியவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும்: கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் உளவியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆளுக்கேற்ற வேலையில் ஆளைச் சேர்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் தொடங்கிய வேலை. 1962-ல் அது முறையாக அச்சாகி வந்தது.

இதில் உள்ள சிக்கலைப் பரீட்சை எழுதிய யாரும் புரிந்துகொள்ளலாம். 35 எடுத்தவன் பாஸ், 34 எடுத்தவன் ஃபெயில். ஆனால் 34-க்கும் 35-க்கும் உள்ள தூரத்தைவிட 35-க்கும் 95-க்கும் உள்ள தூரம் எவ்வளவோ அதிகம். ஆளுமைத் தேர்விலும் இதேதான். பெரும்பாலான மனிதர்கள் நடுவில்தான் நிற்கிறார்கள். நடுவில் கோடு கிழித்தால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ரெண்டு பேர் எதிரெதிர் எழுத்துக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு வேறு எழுத்து வருகிறது. இன்றைய ஆய்வாளர்கள் வெளிமுகத் தன்மையை ஒரு அளவுகோலாகத்தான் பயன்படுத்துகிறார்கள், பெட்டியாக அல்ல.

அகம் என்றால் இன்ட்ரோவர்ட்டா?

தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர் ஒரு படி மேலே போய், "அகம், புறம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டான் தமிழன்" என்று சேர்த்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. அகம் என்பது பெயர் சொல்லாமல் பாடப்படும் காதல் வாழ்க்கை. புறம் என்பது போர், கொடை, புகழ், கையறுநிலை. இவை பாட்டின் வகைகள், ஆளின் வகைகள் இல்லை. குறிஞ்சித் திணையில் அகம் பாடிய அதே கபிலர்தான் பாரிக்காகப் புறமும் பாடினார். ஔவையாரும் அப்படியே. இந்த ஒப்பீட்டில் நமக்கு உதவுவது ஒன்றுதான்: அகமும் புறமும் ஒரே ஆளிடம் இருந்தே வரும்.

தொல்காப்பியத்தில் இந்த விஷயத்துக்கு உண்மையிலேயே பக்கத்தில் நிற்பது பொருளதிகாரத்தின் ஆறாவது இயலான மெய்ப்பாட்டியல். சிரிப்பு, கோபம், பயம், மகிழ்ச்சி, வியப்பு, அழுகை, இளிவரல், பெருமிதம் என எட்டு. மெய் என்றால் உடம்பு, உள்ளே நடப்பது உடம்பில் படுவது மெய்ப்பாடு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நாலு நாலு காரணம், ஆக 32. அழுகை இழப்பிலிருந்து வரலாம், வறுமையிலிருந்து வரலாம், பிறர் இழிவுபடுத்தியதால் வரலாம், இருந்த நிலை சரிந்ததால் வரலாம்.

கவனியுங்கள், 'அழுகிற ஆள்' என்று ஒரு வகை அங்கே கிடையாது. எந்த நிலைமையில் எந்த உணர்வு என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் அந்த இயல் சொல்கிறது: கண்ணாலும் காதாலும் கூர்ந்து உணரத் தெரிந்தவருக்குத்தான் இது பிடிபடும். அதாவது பொறுப்பில் பாதி பார்க்கிறவருடையது. ஆளுமைத் தேர்வு இந்தப் பாதியைத்தான் கழற்றிவிடுகிறது.

1958, டேராடூன்

இதைச் சோதித்துப் பார்க்க நம்ம மாவட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், விமானப் பொறியியல் முடித்துவிட்டு விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். 25 பேரில் 8 பேரை எடுக்க வேண்டும். கலாம் ஒன்பதாவது. 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் இதைச் சொல்லும்போது, அந்தத் தேர்வுக் குழு அறிவைவிட ஆளுமைக்குத்தான் அதிக எடை கொடுத்தது என்கிறார். உடல்தகுதியையும் தெளிவாகப் பேசும் பாங்கையும் எதிர்பார்த்திருக்கலாம் என்பது அவர் ஊகம்.

குழுவைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. எட்டு இடம் இருந்தால் ஒன்பதாவது ஆள் வெளியேதான் நிற்பார். விமானம் ஓட்ட ஆள் எடுப்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான தேர்வு. அது அந்த ஒரு நாளைக்கு, அந்த ஒரு வேலைக்குச் சரி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த அளவை ஆளின் முழு அளவாக நாம் எடுத்துக்கொள்ளும்போது.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். மனம் உடைந்து ரிஷிகேசம் போகிறார், சுவாமி சிவானந்தரைப் பார்க்கிறார். தன் பெயரைச் சொல்கிறார். மேற்கொண்டு பேசுவதற்குள், உன் துக்கத்துக்குக் காரணம் என்ன என்று அவர் கேட்டுவிடுகிறார். எப்படித் தெரிந்தது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இதில் அற்புதம் ஏதும் தேட வேண்டியதில்லை என்பது என் வாசிப்பு. இழப்பில் பிறந்த அழுகை ஒரு இளைஞனின் முகத்தில் இருந்தது, பார்க்கத் தெரிந்தவர் பார்த்தார். தொல்காப்பியர் சொல்லும் மெய்ப்பாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கே கிடைக்கும்? ஆளுமையை அளக்க உட்கார்ந்தவர்கள் அவருக்கு ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். எதையும் அளக்காத ஒருவர் உணர்வைப் படித்தார்.

பின்னாளில் அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தவர், வீணை வாசித்தவர், கவிதை எழுதியவர் என்று பார்த்தால் உள்முகம். போகிற ஊரெல்லாம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நடுவே நின்று பேசியவர், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தவர் என்று பார்த்தால் வெளிமுகம். ராக்கெட் பொறியாளர், ஆகவே சிந்தனை வகையா? பள்ளிப் பிள்ளையின் கேள்விக்கு நின்று பதில் சொன்னவர், ஆகவே உணர்வு வகையா? இணையத்தில் அவருக்கு நாலு எழுத்து ஒட்ட நினைப்பவர் இதில் ஒரு பாதியை மறந்தால்தான் ஒட்ட முடியும்.

தறிக்குழியும் தெருவும்

பெரிய மனிதர் வேண்டாம், எங்க ஊர்த் தெருவுக்கே வாருங்கள். பரமக்குடியிலும் ஆற்றுக்கு அக்கரையில் எமனேசுவரத்திலும் கைத்தறி நெசவு வீட்டோடு நடக்கிறது. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்த நெசவாளர் மணிக்கணக்கில் தனியாக நாடாவோடும் அச்சோடும்தான் இருப்பார். அதே ஆள் தெருவில் பாவு நீட்ட வேண்டிய காலை வேளையில் அக்கம்பக்கத்தோடு சேர்ந்து சத்தமாகப் பேசி வேலை செய்வார். சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். "நீங்கள் தனியாக வேலை செய்ய விரும்புகிறீர்களா, குழுவாகவா?" என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் போடுவார்? "எந்த வேலைக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பார். அந்தத் திருப்பிக் கேட்பதற்குத் தேர்வுத்தாளில் இடம் கிடையாது.

சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை வீட்டில் ஒரு மொழி பேசுகிறது, கடையில் தமிழ், கல்லூரி நேர்காணலில் இங்கிலீஷ். முதல் மொழியில் வாயாடியாக இருக்கிற பிள்ளை மூன்றாவது மொழியில் ஊமையாகிவிடும். தமிழ் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைக்கும் இதே கதிதான், ஒரு படி குறைவு, அவ்வளவுதான். குழு விவாதத்தில் பத்து நிமிஷம் வாய் திறக்காத அந்தப் பிள்ளைக்கு 'இன்ட்ரோவர்ட்' என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிடுகிறது. மொழிப் பயிற்சி வேண்டாம், பயம் போக்க வேண்டாம், கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டாம். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடும். எனக்குக் கவலை தருவது இதுதான். யாரோ ஒட்டிய முத்திரையைக் கிழித்துவிடலாம், நாமே ஆசையாக ஒட்டிக்கொண்டதைக் கிழிப்பது சிரமம்.

அதனால் அந்தத் தேர்வை எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. பொழுதுபோக்காக எழுதுங்கள், நம்மைப் பற்றி யோசிக்க ஒரு சாக்கு. ஆனால் முடிவு வந்ததும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். நான் யார் முன்னால் பேசாமல் இருக்கிறேன், யார் முன்னால் பேசுகிறேன்? என் மௌனம் கூச்சமா, அடக்கமா, அழுத்தமா, இல்லை உண்மையிலேயே தனிமையில் கிடைக்கிற சுகமா? வீட்டில் பேசாத பிள்ளை இருந்தால் பெற்றவர்களும் இதையே கேட்கலாம். பதில் நாலு எழுத்தில் வராது. கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.