நோர்டாலின் தங்கத்தை ஒதுக்கி வைத்தால்

சிலாபம் கடற்கரையில் பின்னேரமானால், கரைவலை இழுத்து முடிந்த மணலில் பொடியன்கள் உதைபந்து ஆடுவார்கள். இரண்டு கம்பு, நடுவே கிழிந்த வலைத்துண்டு, அதுதான் கோல். போன மாதம் ஒருவனைக் கவனித்தேன். பந்து எந்தப் பக்கம் போனாலும் அவன் அந்த வலைக்கு முன்னாலேயே நின்றான். வியர்க்க வியர்க்க ஓடியவர்கள் "சும்மா நின்டு கோல் அடிக்கிறான்" என்று ஏசினார்கள். அன்று விழுந்த மூன்று கோலும் அவனுடையதுதான். பக்கத்தில் நின்ற மாமா, "எங்க நிக்கிறது எண்டு தெரியிறதும் ஆட்டந்தான் தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அந்த வழக்கு மனதை விட்டுப் போகவில்லை. சுவீடனின் குன்னார் நோர்டால் மீது காலங்காலமாக நடக்கிற வழக்கும் இதுதான். அவர் அடித்த கோல்களில் அவருடைய பங்கு எவ்வளவு, அவருக்கு வாய்த்த காலமும் கூட்டாளிகளும் தந்தது எவ்வளவு?

அவர் பேரை எடுத்தால் எல்லோரும் முதலில் நீட்டுவது 1948 லண்டன் ஒலிம்பிக் தங்கத்தை. நமக்கு அந்த ஒலிம்பிக் என்றால் டங்கன் வைட்தான். ஜூலை 31இல் 400 மீட்டர் தடைதாண்டலில் சுவீடனின் ரூனே லார்சனைப் பின்தள்ளி இலங்கைக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தார். அதே நாளில் இந்திய உதைபந்து அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இந்தியா இரண்டு பெனால்டிகளை வீணாக்கிய ஆட்டம் அது. அந்த ஒற்றைக் கோலை நான் குறைத்து எடை போட மாட்டேன்.

நோர்டாலுக்கு அங்கே ஏழு கோல். டென்மார்க்கின் ஜோன் ஹன்சனோடு சேர்ந்து முதலிடம். ஆனால் அந்த ஏழில் நான்கு கொரியாவுக்கு எதிராக, 12-0 என்று முடிந்த ஆட்டத்தில் வந்தவை. ஜப்பானிடமிருந்து விடுபட்டு மூன்றே வருடமான நாடு, பல நாள் பயணம் செய்து வந்து சேர்ந்த அணி. ஆஸ்திரியாவுக்கு எதிராக இரண்டு, யூகோஸ்லாவியாவோடு நடந்த இறுதியாட்டத்தில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுக்குக் கனம் உண்டு. ஆனாலும் இவ்வளவைக் கொண்டு ஒருவரை மகா ஆட்டக்காரர் என்று தீர்ப்பெழுத முடியாது. சுவீடன் போருக்கு வெளியே நின்ற நாடு. மற்ற நாடுகளில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் ஆண்டுகளை இழந்துகொண்டிருக்க, அங்கே லீக் நடந்துகொண்டேயிருந்தது. தேசிய அணிக்கு 33 ஆட்டங்களில் 43 கோல் என்ற கணக்கிலும் இந்தச் சலுகை கலந்திருக்கிறது. அதையும் கொஞ்சம் கழித்தே பார்க்கிறேன்.

அந்த ஒலிம்பிக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கோலே அடிக்காத ஆட்டம். டென்மார்க்கோடு நடந்த அரையிறுதியில் சுவீடன் தாக்கும்போது தான் ஓஃப்சைட்டில் நிற்பது நோர்டாலுக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறு கிலோ உடம்போடு ஓடி நேரே எதிரணியின் கோல் வலைக்குள் போய் நின்றுகொண்டார். அணித்தோழர் கார்ல்சன் தலையால் முட்டிய பந்து உள்ளே வந்தபோது அதைப் பிடித்தவரும் அவர்தான். உடல் பலம் மட்டுந்தான் அவருக்கு என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? கண்ணிமைக்கும் நேரத்தில் ஆட்டம் முழுவதும் தலையில் ஓடுகிறவனால் மட்டுமே இது முடியும்.

ஆகவே வழக்கை மிலானுக்குக் கொண்டுபோவதுதான் நியாயம். நோர்ஷோப்பிங்கில் தீயணைப்பு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர், 1949 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரராக இத்தாலி போனார். அங்கே அவருக்கு எதிராகச் சொல்லப்படுவது இரண்டு. ஒன்று, அந்த மே மாதம் சுப்பெர்கா மலையில் விமானம் விழுந்து இத்தாலியின் தலைசிறந்த அணியான தொரினோ அழிந்தது, எனவே போட்டி தளர்ந்திருந்தது என்பது. மற்றது, மிலானில் கூட நின்ற சுவீடன்காரர்கள் கிரென், லீட்ஹோம் இருவரும் ஊட்டிவிட்டார்கள் என்பது.

இரண்டுக்கும் பதில் ஆண்டுகளிலேயே இருக்கிறது. முதல் அரைப் பருவத்தில், கிரெனும் லீட்ஹோமும் வந்துசேரும் முன்பே, 15 ஆட்டங்களில் 16 கோல். அடுத்த பருவத்தில் 35. அந்த எண்ணிக்கையைத் தாண்ட 2016இல் ஹிகுவாய்ன் வரவேண்டியிருந்தது, அதுவும் ஒரே ஒரு கோலால். 35 அடித்த அந்த வருடம்கூட லீக்கை வென்றது யுவெண்டஸ்தான், அதனால் போட்டி செத்துக்கிடந்தது என்று சொல்ல வழியில்லை. 1951இல் 34 கோல், மிலானுக்கு 44 வருடங்களுக்குப் பின் பட்டம். 1953இல் கிரென் பிரிந்து ஃபியொரெண்டினாவுக்குப் போனார். ஊட்டிவிட்டவர் போனால் கோல் வற்ற வேண்டுமல்லவா? அடுத்த இரண்டு பருவங்களிலும், 23, 26 என்று, லீக்கின் முதல் கோலடிப்பாளர் இவரேதான். இரண்டாவதில் பட்டமும் வந்தது. மொத்தம் ஐந்து தடவை அந்த முதலிடம்.

இத்தாலிய முதல்தர லீக்கில் அதிக கோல் பியோலாவுடையது: 537 ஆட்டங்களில் 274. 2013இல் நோர்டாலைத் தாண்டிய டோட்டி 619 ஆட்டங்களில் 250. நோர்டால் 291 ஆட்டங்களில் 225, அதில் மிலானுக்கு மட்டும் 257இல் 210. இத்தாலியின் தடுப்பாட்டத்துக்கு எதிரே, 27 வயதில் போய்ச் சேர்ந்த ஒருவரின் கணக்கு இது. என் தீர்ப்பு இதில்தான் நிற்கிறது. ஒலிம்பிக் தங்கத்தை முழுதாக எடுத்துவிட்டாலும், போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் முதல்வரிசைக் கோலடிப்பாளர் அவர்.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உலகக் கிண்ணத்தில் அவர் ஆடவே இல்லை. தொழில்முறைக்குப் போனவர்களைத் தேசிய அணியில் சேர்ப்பதில்லை என்ற சுவீடனின் விதி 1948க்குப் பின் அவரை வெளியே நிறுத்தியது. 1950இல் அவரில்லாத சுவீடன் இத்தாலியை 3-2 என்று வென்று மூன்றாமிடம் வந்தது. இதைக் காட்டி அவர் தேவைப்படவில்லை என்கிறார்கள். அதே அணியைத்தான் பிரேசில் 7-1 என்று நொறுக்கியது. 1958இல் விதி தளர்ந்து, 37 வயது கிரெனும் 35 வயது லீட்ஹோமும் சொந்த மண்ணில் இறுதியாட்டம்வரை போனார்கள். நோர்டாலுக்கு அப்போது 36. இத்தாலியில் அவருடைய கடைசி வருடம் அது, ரோமா அணியில்.