உம்மு ஹாஷிமின் விளக்கு

எகிப்திய எழுத்தாளர் யஹ்யா ஹக்கி 1944இல் வெளியிட்ட 'உம்மு ஹாஷிமின் விளக்கு' என்னும் குறுநாவலை, விஞ்ஞானத்துக்கும் விசுவாசத்துக்கும் நடந்த வழக்காகவே பலரும் படிக்கின்றனர். நமக்கு அவ்வாசிப்பு நிறைவளிக்கவில்லை.

இங்கிலாந்தில் ஏழாண்டுகள் தங்கிக் கண் மருத்துவம் பயின்ற இஸ்மாயீல் கெய்ரோவுக்குத் திரும்புகிறான். அவனுக்கென நிச்சயிக்கப்பட்ட ஃபாத்திமாவின் நோயுற்ற கண்களில், ஸையிதா ஸைனப் (ரலி) அவர்களின் பள்ளிவாசல் விளக்கெரியும் எண்ணெயைத் தாயார் இடுவதைக் காண்கிறான். (நம்மூர் தர்காக்களை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.) சீறியெழுந்து ஓடி அவ்விளக்கையே உடைக்கிறான். பின்னர் தான் கற்றபடி மருந்திடுகிறான். அவள் பார்வையோ அறவே போய்விடுகிறது.

எண்ணெயைத் தடுத்ததில் அவன்மீது குற்றமில்லை. தன்னைப் படிக்க வைக்க வயிற்றைக் கட்டிய பெற்றோருடன் ஒருபொழுதேனும் அமர்ந்து பேசாமல் கையோங்கினானே, அதைத்தான் நம்மால் மன்னிக்க இயலவில்லை. ரமலான் இரவொன்றில் மனம் தெளிந்து, அதே எண்ணெயைப் பெற்றுவந்து சிகிச்சையை மீண்டும் தொடங்குகிறான், ஃபாத்திமா குணமடைகிறாள். இம்முடிவைச் சமரசம் என மெச்சுவோர் உளர். ஆனால் எண்ணெயா மருந்தா என்று வீடே வழக்காடியபோது, அக்கண்களுக்குரியவளின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அவனுக்கு அவளை மணமுடித்து, பிள்ளைகள் பல பிறந்தனர் என்று சொல்லி ஹக்கியும் நகர்ந்துவிடுகிறார்.