உணவும் நடத்தையும்: ஆய்வு முறை பற்றிய ஒரு மதிப்பீடு

உணவு உடலை வளர்ப்பதோடு குணத்தையும் வகுக்கும் என்பது நம்மவர்க்குப் புதிய கருத்தன்று. இதற்குப் பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தைச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆயின் அங்குக் கூறப்படுவது, இன்ன குணத்தார்க்கு இன்ன உணவு விருப்பமாகும் என்பதே. இன்ன உணவு இன்ன குணத்தை விளைக்கும் என்பது அதனின் வேறாகிய கூற்று. குணம் உணவைத் தேர்கின்றதா, உணவு குணத்தை ஆக்குகின்றதா என்னும் வினாவே இக்கால ஆய்வாளரும் முதற்கண் எதிர்கொள்வதாகும்.

சீனி மிகுதியாக உண்ட சிறுவர் அடங்காது திரிவர் என்பது மேலை நாட்டுப் பெற்றோர் பலரது நம்பிக்கை. விழாவில் இனிப்புண்ட பிள்ளை துள்ளித் திரிதலைக் கண்டோர், இனிப்பே அதற்கு ஏது என்பர். கூட்டமும் களிப்பும் உடனிருந்தமையை மறப்பர். வொல்றெய்ச் குழுவினர் 1994இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 48 சிறுவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மூவகை உணவு மும்மூன்று வாரம் வழங்கப்பட்டது. ஒன்று சீனி மிக்கது. ஏனைய இரண்டும் செயற்கை இனிப்பூட்டிகள் சேர்ந்தவை. எப்பொழுது எது வழங்கப்பட்டது என்பதைச் சிறுவரோ பெற்றோரோ ஆய்வாளரோ அறியார். சீனியால் எளிதிற் பாதிக்கப்படுவர் எனப்பட்ட 23 சிறுவரிடத்து, 39 அளவைகளுள் ஒன்றிலேனும் குறிக்கத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அங்ஙனமாயின் பெற்றோர் கண்டது யாது? அதே ஆண்டில் கூவர், மிலிச் என்போர் வெளியிட்ட பரிசோதனை இதற்கு விடை தருகின்றது. 5 முதல் 7 வயது வரையுள்ள சிறுவர் அனைவர்க்கும் சீனியற்றதே கொடுக்கப்பட்டது. எனினும் அன்னையருள் ஒரு சாராரிடம் சீனி கொடுத்ததாகக் கூறப்பட்டது. அவர்களே தம் மைந்தரை அடங்காதவர் என மிகுதியாக மதித்தனர். அவரை விட்டகலாது நெருங்கியும் நின்றனர். நோக்குவோரின் நம்பிக்கை அவர்தம் கணிப்பையும் செயலையும் மாற்றும் என்பது இதனாற் புலனாகும்.

இதுகொண்டு உணவுக்கும் நடத்தைக்கும் தொடர்பே இல்லை எனத் துணிதலும் பிழையாம். 2007இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார், செயற்கை நிறமூட்டிகளும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானத்தை, 3 வயதினர்க்கும் 8, 9 வயதினர்க்கும் அதே மறைப்பு முறையிற் கொடுத்தாராய்ந்தனர். அடங்காத்தன்மை சராசரியிற் சிறிது கூடிற்று. அதுவும் எல்லாரிடத்தும் ஒருபடித்தாக அன்று. பல பொருள்கள் ஒருங்கே கலக்கப்பட்டமையால், அவற்றுள் எது காரணம் என்பது பிரித்தறியப்படவில்லை. இஃது அவ்வாய்வின் குறை. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறமூட்டிகள் ஆறனுள் எதுவேனும் சேர்ந்த உணவுகளின் பொதிகளில் எச்சரிக்கை அச்சிடுதலை 2010இற் கட்டாயமாக்கிற்று.

சீனியை விடுவித்ததும் நிறமூட்டிகளை ஐயுற்றதும் ஒரே முறை என்பது நோக்கற்பாலது. தான் விரும்பும் முடிபை மட்டும் தருவது முறையாகாது. வகுப்பிலோ அத்தகைய மறைப்பு இல்லை; இவன் அடங்காதவன் என முன்னரே கேட்டறிந்த ஆசிரியர் கண்ணுக்கு, அவன் அசைவு யாவும் குற்றமாகவே தோன்றும். காலை உணவின்றி வந்த மாணாக்கனின் சோர்வு சோம்பல் எனப் பெயர் பெறுதலும் அவ்வாறே. பிள்ளை உண்டது யாது என வினவுமுன், அவனைப் பற்றித் தாம் கொண்டிருக்கும் எண்ணம் யாது என ஆசிரியர் ஆராய்தல் முறையாகும்.