ஏடும் மேடையும்

நாடகம் எழுத்தறிவு புகட்டுமா? புகட்டும், ஏடு பிள்ளையின் கையில் இருந்தால்!

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், ஆடலையும் பாடலையும் நடிப்பையும் தொடக்க வகுப்புகளுக்குள் அழைத்து வந்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும், வகுப்பறை நாடகம் ஆண்டுவிழா ஒத்திகையாகச் சுருங்கிவிடும்போது பயன் என்ன? ஆசிரியர் சொல்கிறார், பிள்ளை ஒப்பிக்கிறது. செவி உழைக்கிறது, கண் உறங்குகிறது. மேடையில் முழங்கிய அதே வரியை எழுதிக் காட்டினால், படிக்க இயலாமல் விழிக்கிறது பிள்ளை!

“அவனா சொன்னான்?” “அவனே சொன்னான்.” முன்னதில் ஒரு கால், பின்னதில் ஓர் இரட்டைக்கொம்பு. ஐயம் உறுதியாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டு, குரலால் காட்டும் பிள்ளையன்றோ படிக்கிறது! நடிப்பு வாசிப்புக்குத் துணையாவது அங்கேதான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. சரளமாகப் படிப்பவனுக்கு அரசன் வேடம். திக்கித் திணறுபவனுக்கு மரம் வேடம். எழுத்து எவனுக்கு மிகுதியும் தேவையோ, அவனுக்கே வசனம் இல்லை! வீட்டில் ஏடே காணாத பிள்ளையை வகுப்பறையும் ஊமையாக்கலாமா?

தோழர்களே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வசனத்தாள் கொடுங்கள். வேடங்களை முறைவைத்து மாற்றுங்கள். மரமாய் நின்றவன் நாளை மன்னனாய்ப் படிக்கட்டும்!